முதல் நாளே எல்லாப் பெட்டியையும் வாங்க வேண்டாம்

கேள்வி: ஆறு வருடமாகக் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று நன்னீர் மீன்கள் வளர்க்கிறேன். இப்போது மகள் கோமாளி மீன் ஜோடி கேட்கிறாள். 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரத்தில் தொட்டி செய்து வைத்துவிட்டேன். பில்டருக்கு 15,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். கேனிஸ்டர், யூ.வி., ஸ்கிம்மர், சில்லர் என்று கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் அதைப்போல மூன்று மடங்கு வருகிறது. எதை வாங்குவது, எதை விடுவது? பழைய தொட்டியில் ஓடும் ஸ்பான்ஜ் பில்டரையே போடலாமா? சம்ப் கட்டாயமா? நாங்கள் இருப்பது வேளச்சேரியில் இரண்டாவது மாடி, வாடகை வீடு.
— ஒரு வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. பட்டியலில் உள்ள எதுவும் வீண் பொருள் கிடையாது. ஆனால் அது பவளமும் பத்துப் பன்னிரண்டு மீனும் வைத்திருப்பவருக்கான பட்டியல். உங்கள் வீட்டுக்கு வரப்போவது இரண்டு கோமாளி மீன். கல்யாண சமையலுக்கான பாத்திரத்தை இரண்டு பேர் சமையலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 159 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு ஊற்றினால் ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு கோமாளி மீனுக்கு இது மாளிகை. 15,000 ரூபாயும் போதும். ஒரே நாளில் செலவழித்துவிடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இப்போது பாதி, மூன்றாவது மாதம் மீதி. ஏன் அப்படி என்று சொல்கிறேன்.

ஆறு வருட அனுபவம் கைகொடுக்கும். கோமாளி மீன் கடல்நீர் மீன் என்பதால் இரண்டு இடத்தில் மட்டும் காலை வாரும். முதலாவது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது செவுளை எரிக்கும். பி.எச். ஏற ஏற எரிக்கிற வடிவத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். நன்னீர்த் தொட்டியில் பி.எச். 7 என்றால் கடல்நீரில் 8.2. அந்த வித்தியாசத்திலேயே விஷப் பங்கு பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. உங்கள் கப்பி கண்டுகொள்ளாத அளவு அம்மோனியா இங்கே மீனைத் தரையில் கிடத்திவிடும். இரண்டாவது ஆக்சிஜன். அதே சூட்டில் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். சூடு ஏறினால் அதுவும் குறையும். சென்னை மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கடல்நீர்த் தொட்டியில் பில்டர் என்று எதைச் சொன்னாலும் அது இரண்டு வேலை செய்தாக வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் தர வேண்டும். தண்ணீரைக் காற்றோடு கலக்க வேண்டும். கடைப் பட்டியலை இந்த இரண்டு கேள்வியோடு திரும்பப் படித்தால் பாதி வரிகள் தானாக அடிபட்டுவிடும்.

முதலில் அடிபடுவது கேனிஸ்டர், அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் மூடிய டப்பா பில்டர். நன்னீருக்கு அது தங்கம், நானே பல வீடுகளில் போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீரில் எனக்கு அதன் மேல் ஒரு பயம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த நாள். எங்கள் தெருவில் மதியம் போன மின்சாரம் மூன்றாம் நாள் மாலைதான் வந்தது. தொட்டிக்குள் பேட்டரி ஏர் பம்ப் போட்டு, செல் மாற்றி மாற்றி, மீன்களைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் இருந்தேன். கீழே மூடிய டப்பாவுக்குள் நின்ற தண்ணீர் நினைவிலேயே இல்லை. மின்சாரம் வந்ததும் கேனிஸ்டர் தானாக ஓட ஆரம்பித்தது. வீடு முழுக்க அழுகிய முட்டை வாசனை. ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடும் செத்த பாக்டீரியாவின் கசடும் தொட்டிக்குள் இறங்கிவிட்டன. மறுநாள் காலை ஐந்து மீன் மிதந்தது. டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நல்ல பாக்டீரியா செத்து, அழுகல் பாக்டீரியா குடியேறுகிறது. அதற்குப் பல மணி நேர மின்வெட்டே போதும். யார் மேலும் பழி இல்லை, என் கவனக்குறைவுதான். இருந்தாலும் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, முதல் மரைன் தொட்டிக்குக் கேனிஸ்டரை நான் எழுதித் தருவதில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை திறந்து ஸ்பான்ஜைக் கழுவ வேண்டும். திறப்பதற்குச் சோம்பல்பட்டு மூன்று மாதம் விட்டவர்கள்தான் நைட்ரேட் ஏறிவிட்டது என்று எனக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர்.

யூ.வி. விளக்கு இப்போது வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் பாசியையும் சில நோய்க்கிருமிகளையும் அது கொல்லும், அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வேண்டாம். கோமாளி மீனுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். கோடையில் தண்ணீர் 31ஐத் தொட்டால், கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் அடிக்கவிடுங்கள். தண்ணீர் ஆவியாகிற வேகத்தில் இரண்டு டிகிரி வரை இறங்கும். அப்படி ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது.

சம்ப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதாவது கீழே இரண்டாவது தொட்டி வைத்து, அங்கே இறங்கும் தண்ணீரை பம்பால் மேலே திருப்பி அனுப்புவது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. சொந்த வீடாக, தரைத்தளமாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். உங்கள் தொட்டியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் கிட்டத்தட்ட 9 லிட்டர். மின்சாரம் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் திரும்பு குழாய் வழியாகவே சைஃபன் ஆகிக் கீழே இறங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே இருந்தால் 36 லிட்டர். சம்பில் அவ்வளவு காலி இடம் விட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அது உங்கள் ஹாலில், பிறகு முதல் மாடிக்காரர் கூரையில். துளை போடாத தொட்டிக்கு மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. சைஃபன் அறுந்த பிறகு மின்சாரம் வந்தால், பம்ப் சம்புத் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், கீழே இறங்க வழி இருக்காது. வாடகை வீட்டில், முதல் தொட்டியில் இந்தப் பரீட்சை வேண்டாமே.

சரி, வாங்க வேண்டியதற்கு வருவோம்.

பணத்தின் முதல் பங்கு அளக்கும் கருவிகளுக்கு. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட். "பில்டர் கேட்டால் இதைச் சொல்கிறாரே" என்று நினைப்பீர்கள். அளக்காதவர் வாங்கும் பில்டர், காய்ச்சல் பார்க்காமல் போடும் ஊசி மாதிரி. முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான்; அதன் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினால் அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைத் திரவத்தால் சரிபார்த்து வாங்குங்கள். உங்கள் இலக்கும் அந்த 35தான், அடர்த்திக் கணக்கில் 1.026ஐ ஒட்டி.

அடுத்து ஸ்பான்ஜ் பில்டர். ஆமாம், நீங்கள் வைத்திருக்கும் அதே வகைதான். கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களிலேயே அதை ஓட்டுகிறார்கள். பாக்டீரியாவுக்கு இடம், காற்றோட்டம் இரண்டையும் ஒரே குழாயில் தருவதால் உப்புத் தண்ணீருக்கு அது மட்டமான பொருள் ஆகிவிடாது. ஆனால் பழைய ஸ்பான்ஜை எடுத்துப் போடாதீர்கள். அதில் உள்ள நன்னீர் பாக்டீரியாவில் பெரும்பகுதி திடீர் உப்பில் பிழைக்காது. செத்து, தானே அம்மோனியா ஆகும். அதைவிட முக்கியம், ஆறு வருடத்தில் ஒருமுறையாவது வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருப்பீர்கள். ஸ்பான்ஜ் அதைப் பிடித்துவைத்து மெல்ல விடும். பின்னால் மகள் ஒரு இறால் கேட்டால் அது முதல் வாரம் தாண்டாது. புதிய ஸ்பான்ஜ் இரண்டு வாங்குங்கள், பெரியதாக. அவற்றை ஓட்டும் ஏர் பம்பை, தண்ணீர் டியூப் வழியே திரும்பி வராதபடி, நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இடமில்லையென்றால் டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். மின்சாரம் போகும்போது தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம். வர்தா அனுபவத்துக்குப் பிறகு அது இல்லாத வீட்டில் நான் மரைன் தொட்டி அமைப்பதில்லை.

மூன்றாவது, நுண்துளை உள்ள செராமிக் கட்டிகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் "லைவ் ராக்தான் பில்டர், மற்றதெல்லாம் உபரி" என்பார்கள். விஷயம் உண்மைதான். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961லேயே தன் முறையை எழுதிவைத்தார். கடலிலிருந்து எடுத்த பாறை, ஏர் பம்பின் குமிழி, வெயில், இவ்வளவுதான் அவருடைய கருவிகள். பாறையின் வெளிப்பக்கத்து பாக்டீரியா அம்மோனியாவை முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் ஆக்கும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டையும் வாயுவாக்கி விட்டுவிடும். ஆனால் நம் ஊரில் லைவ் ராக் என்று கைமாறுவது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. 2001இல் பவளங்களை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். செத்த பவளத்தை விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். "ராமேஸ்வரம் பக்கம் சொல்லி எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் கை வைப்பது மன்னார் வளைகுடாவில். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். செராமிக் கட்டிகளோ, கடைகளில் கிடைக்கும் செயற்கைப் பாறைகளோ அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்காமல், நடுவில் குகை விட்டு, பின்னால் தண்ணீர் ஓடும்படி சாய்த்து அடுக்குங்கள். தரையில் மணலே வேண்டாம். வெறும் கண்ணாடி பார்க்க அழகில்லைதான், ஆனால் கழிவு எங்கே சேருகிறது என்று கண்ணுக்குத் தெரியும்; டியூப் வைத்து இழுத்துவிடலாம். அழகுக்கு மணல் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது, சின்ன வேவ் மேக்கர் ஒன்று. கட்டிகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்காமல் தள்ளுவதற்கு. அதை மேல்பரப்பு லேசாகச் சுருங்கி அலையும்படி திருப்பிவையுங்கள். தண்ணீருக்குள் ஆக்சிஜன் போகும் வாசல் அந்தச் சுருக்கம்தான்.

இந்த நான்கும் என் கணக்கில் எட்டாயிரத்துக்குள் அடங்கும், கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் ஆகும். மீதி ஏழாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அது ஸ்கிம்மருக்கு.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். 2019 கடைசியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை ஒதுங்கி, பிள்ளைகள் அதில் விளையாடிய படங்கள் வந்தனவே, அதே கதைதான். அழுக்கு கலந்த கடல்நீரை அலை அடித்து அடித்துக் குமிழியாக்கும்போது, புரதமும் கொழுப்பும் சோப்புப் பிசுக்கும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். கரையில் அது நாற்றமடிக்கும் நுரை. ஸ்கிம்மருக்குள் அதையே ஒரு குழாயில் ஏற்றி மேலே இருக்கும் கப்பில் கொட்ட வைக்கிறார்கள். நல்ல தண்ணீரில் குமிழி பெரிதாகி உடைந்துவிடும், அதனால்தான் உங்கள் கப்பித் தொட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை. மற்ற பில்டரெல்லாம் கழிவைத் தின்று வேறொன்றாக மாற்றும். ஸ்கிம்மர் ஒன்றுதான் அழுகுவதற்கு முன்பே கழிவைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுப்பது. கப்பில் சேருவது டிகாக்‌ஷன் நிறத்தில், மத்தியான நேரத்துக் காசிமேடு மீன் சந்தை மாதிரி மணக்கும். முதன்முறை கொட்டும்போது இது தொட்டிக்குள் இருந்ததா என்று ஆடிப்போவீர்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் மூன்றாவது மாதம்? இரண்டு சின்ன மீனும் வாராவாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றமும் இருந்தால் முதல் மாதங்களில் அது இல்லாமலே ஓடும். ஓடுகிறதா என்பதை உங்கள் நைட்ரேட் டெஸ்ட் கிட் சொல்லிவிடும். கணக்கு எளிது. வாரம் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏறி, வாரம் பத்து சதவீதம் மாற்றினால், நைட்ரேட் எவ்வளவு காலம் போனாலும் 20ஐத் தாண்டாது. வாரம் 5 ஏறினால் 50இல் போய் நிற்கும். அதாவது வார ஏற்றத்தின் பத்து மடங்கு. மூன்றாவது மாதம் உங்கள் வார ஏற்றம் 2ஐ ஒட்டி இருந்தால் ஸ்கிம்மரை இன்னும் தள்ளிப்போடலாம். 4, 5 என்று இருந்தால் முதலில் தீனியைக் குறையுங்கள். அப்படியும் இறங்கவில்லையென்றால் வாங்குங்கள்.

வாங்கும்போது சில விஷயம். தொட்டி விளிம்பில் மாட்டும் வகையே உங்களுக்குச் சரி. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரைப் பாதியாக்கிப் படியுங்கள். உங்கள் 140க்கு, 300 என்று எழுதியது வேண்டும். ஏர் ஸ்டோனால் ஓடும் மலிவு வகையும் வேலை செய்யும். ஆனால் அதில் மரக்கட்டை ஸ்டோனை மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் குமிழி பருத்து நுரை நின்றுவிடும். முடிந்தால் ஊசிச் சக்கரம் வைத்த பம்ப் உள்ளதாக எடுங்கள். பழையது கிடைத்தால் தயங்காதீர்கள். மரைன் தொட்டியை ஆரம்பித்து ஆறு மாதத்தில் கைவிடுபவர்கள் நிறைய, கொளத்தூர் கடைகளில் சொல்லிவைத்தால் தகவல் வரும். ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பம்பின் அச்சு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை உப்புப் படிவு பிரச்சினையே இல்லை, வினிகரில் ஓர் இரவு ஊறினால் போய்விடும். புதிய ஸ்கிம்மர் முதல் வாரம் ஒன்றுமே எடுக்காது, அல்லது பொங்கி வழியும். பழக விடுங்கள்.

ஆக, பில்டர் என்று யாரும் விற்காத பில்டர் அந்த வாரம் ஒரு பக்கெட் தண்ணீர்தான். 14 லிட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் செயற்கைக் கடல் உப்பு பிடிக்கும். முதல் நாள் இரவே கலந்து, ஏர் ஸ்டோன் போட்டு, மறுநாள் 35 பார்த்து ஊற்றுங்கள். உப்புச் செலவு தனி. அதை 15,000இல் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் வீட்டு மெஷினிலேயே எடுக்கலாம். ஆனால் சென்னை மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். திருகு ஒன்று இருக்கும். சர்வீஸ்காரரிடம் சொல்லி அதை முழுக்க மூடிவிட்டுப் பிடியுங்கள். கடற்கரையிலிருந்து கேனில் பிடித்து வரும் யோசனை இருந்தால் விடுங்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் பிடித்த தண்ணீரைச் சுத்தம் செய்ய, கடைக்காரரின் பட்டியல் முழுவதும் தேவைப்படும்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். ஏர் பம்ப், வேவ் மேக்கர், ஸ்கிம்மர் மூன்றும் சேர்ந்து 20 வாட் அளவில்தான் இருக்கும். இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 29 யூனிட். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். உப்புத் துளி வயர் வழியே இறங்கி வரும். பக்கவாட்டில், உயரத்தில் மாட்டி, வயரை ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள். அந்த பாயிண்டுக்கு, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், குழந்தை கைவைக்கும் இடம்.

எல்லாம் மாட்டிய பிறகு மீன் வாங்க ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை பொறுக்க வேண்டும். வெறும் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்து ஒரு வாரம் அங்கேயே நின்றால்தான் மகளைக் கடைக்கு அழைத்துப் போகலாம். அதுவரை டெஸ்ட் டியூபில் சொட்டுவிட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். மீன் வாங்கும்போது தொட்டியில் பொரித்து வளர்த்ததாகக் கேளுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீனைப் பொரிக்கவைத்திருக்கின்றன. இன்று அப்படி வளர்த்த குஞ்சுகள் கடைகளுக்கும் வருகின்றன. கடலில் பிடித்ததைவிட அது நன்றாகத் தீனி எடுக்கும்.

கடைசியாக, கப்பித் தொட்டிகளில் ஒன்றை விற்காமல் வையுங்கள். புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்க அது வேண்டும். இரண்டு ஸ்பான்ஜ் வாங்கச் சொன்னது இதற்கும்தான். இரண்டும் பெரிய தொட்டியில் ஓடட்டும், தேவைப்படும்போது ஒன்றை எடுத்துத் தனித்தொட்டியில் போட்டால் பாக்டீரியா தயாராக இருக்கும். அந்த ஸ்பான்ஜின் குழாயில் சிவப்பு நைலான் நூல் ஒன்று கட்டிவிடுங்கள். ஒருமுறை மருந்துத் தண்ணீரில் இறங்கிய ஸ்பான்ஜ் பெரிய தொட்டிக்குத் திரும்பக் கூடாது.